ஊர் ஓரிடம், துறைமுகம் ஓரிடம்: மத்தியதரைக் கடலில் கப்பல் சுற்றுலா

மத்தியதரைக் கடல் கப்பல் சுற்றுலாவின் விளம்பரத் தாளில் பார்சிலோனா, ஃபிளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், ஏதென்ஸ் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக நிற்கும். ஆனால் ரோமுக்குக் கப்பல் போவதில்லை. ரோமிலிருந்து சாலை வழியே 75, 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் அது நின்றுவிடும்; மீதித் தூரம் பயணியின் பொறுப்பு. ஃபிளாரன்ஸ் என்று அச்சிட்டிருப்பது உண்மையில் லிவோர்னோ. அங்கிருந்து ஃபிளாரன்ஸ் சுமார் 90 கிலோமீட்டர். வெனிஸ் கதை இன்னும் மோசம். 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜூடேக்கா கால்வாய்க்குள் நுழைய 2021 ஆகஸ்ட் 1 முதல் தடை இருப்பதால், பெரிய கப்பல்கள் மார்கெரா தொழில்துறைமுகத்திலோ, 140 கிலோமீட்டருக்கு அப்பால் ரவென்னாவிலோ பயணிகளை ஏற்றி இறக்குகின்றன. ஆகவே பயணத்தைப் பதிவு செய்வதற்கு முன் விளம்பரத் தாளில் படிக்க வேண்டியவை மூன்று: துறைமுகத்தின் உண்மைப் பெயர், கப்பல் வந்து சேரும் நேரம், புறப்படும் நேரம். நீச்சல்குளமும் நாடக அரங்கும் எல்லாக் கப்பல்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மத்தியதரைக் கடலில் கப்பல் பருவம் ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை நீள்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கட்டணமும் கூட்டமும் வெயிலும் ஒருசேர உச்சத்துக்குப் போகும். சென்னை வெயில் கண்டவர்களுக்கு ஏதென்ஸ் வெயில் பொருட்டில்லை என்று நினைக்கலாம். ஆனால் அண்மை ஆண்டுகளின் வெப்ப அலைகளில் அக்ரோபொலிஸ் குன்றையே நண்பகலில் சில மணி நேரம் மூடிவிடுகிறார்கள்; காலை பத்து மணிக்குக் கரையிறங்குகிறவர்களுக்கு அன்றைய நாள் அதோடு போயிற்று. காற்றும் கணக்கில் வர வேண்டும். கோடையில் ஏகியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று நாள்கணக்கில் வீசும். அது வலுத்தால் மிக்கோனோஸ், சான்டோரினி போன்ற தீவுகளில் நிற்காமலே கப்பல் போய்விடும். துறைமுகத்தைக் கைவிடும் உரிமை கேப்டனுக்கு உண்டு என்று பயண ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். மே மாதமும் செப்டம்பர் பிற்பாதியும் நல்ல காலம். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை மே மாதத்தில் வருவது குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வாய்ப்பான பொருத்தம்.

மாதத்தைப் போலவே கிழமையையும் பார்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு அருங்காட்சியக வாசலில் நிற்பவர்கள் ஏராளம். ஃபிளாரன்ஸில் உஃபிசி காட்சிக்கூடமும், மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அகாதெமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பதில்லை. திறக்கும் அந்த ஒரு ஞாயிறும் இலவசம் என்பதால் உள்ளே நுழைவதே பெரும்பாடு. புதன்கிழமை காலையில் போப்பாண்டவர் மக்களைச் சந்திப்பதால் புனித பேதுரு பேராலயத்துக்குள் நண்பகல் வரை போக முடியாமல் போகலாம். நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஒரே கப்பல் ஒரே பாதையில் வாராவாரம் சுற்றுவதால், எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பது பருவம் முழுவதும் பெரும்பாலும் மாறாது. லிவோர்னோவுக்குத் திங்கட்கிழமை வரும் கப்பலை விட்டு வியாழக்கிழமை வரும் கப்பலைத் தேர்ந்தெடுப்பது கையில் இருக்கும் முடிவுதான்.

மேற்கு மத்தியதரைக் கடலில் ஓடும் சில நிறுவனங்களுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. பயணம் ஒரே துறைமுகத்தில் தொடங்கி முடிவதில்லை. பார்சிலோனாவில் ஏறியவர் பார்சிலோனாவிலும், ஜெனோவாவில் ஏறியவர் ஜெனோவாவிலும் இறங்கலாம். ஆகவே விமானக் கட்டணம் எங்கே குறைவோ அங்கே ஏறுவது நடக்கும் காரியம். இதிலிருந்து ஒரு யுக்தியும் பிறக்கிறது. ரோமை நன்றாகப் பார்க்க விரும்புகிறவர்கள் சிவிட்டாவெக்கியாவில் ஏறுவதாகப் பதிவு செய்துகொண்டு, மூன்று நாள் முன்னதாகவே ரோமுக்குப் போய்த் தங்கிவிடுவது நல்லது. ஒரு பகலில் ஓடி ஓடி ரோமைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கேபின் விஷயத்தில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. நாள்தோறும் துறைமுகத்தில் நிற்கும் பயணத்தில் பகலெல்லாம் ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள். பால்கனிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நல்ல வழிகாட்டிக்குக் கொடுக்கலாம். குமட்டலுக்கு அஞ்சுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேட்க வேண்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு.

விளம்பரக் கட்டணம் முழுக் கட்டணம் ஆகாது. பணியாளர் டிப்ஸ் பெரும்பாலான நிறுவனங்களில் ஆளுக்கு, நாளுக்கு என்று தானாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் உண்டு. மது, குளிர்பானம், வைஃபை, சில உணவகங்கள் எல்லாம் தனி. போதாததற்கு கிரேக்க அரசு 2025 கோடை முதல் கப்பல் பயணிகளிடம் வரி வாங்குகிறது. உச்சப் பருவத்தில் சான்டோரினியிலும் மிக்கோனோஸிலும் இறங்க ஆளுக்கு 20 யூரோ. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு தீவுகளுக்குமாக 160 யூரோ என்பது சின்னத் தொகை இல்லை.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசாவைப் பயணப் பாதையோடு பொருத்திப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். அதிக நாட்கள் கழியும் நாட்டிடம் விசா கேட்க வேண்டும் என்பது விதி. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். கப்பலில் நாளுக்கொரு நாடு மாறும் என்றாலும் இத்தாலியில் மூன்று துறைமுகங்கள் இருந்தால் பெரும்பாலும் இத்தாலிதான். அதைவிட முக்கியமானது, விசா பலமுறை நுழைவுக்கானதா என்பது. குசடாசி என்ற துருக்கித் துறைமுகமோ, மொண்டெனேக்ரோவின் கோட்டோரோ, துனிசியாவோ பாதையில் இருந்தால் கப்பல் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறித் திரும்ப நுழைகிறது. ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவரைக் கப்பலில் ஏற்றவே மறுப்பார்கள். கட்டிய பணமும் திரும்பாது. துருக்கிக்கான அனுமதியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு விசாவுக்கே கட்டாயம். அந்தக் காப்பீடு கப்பல் மருத்துவமனைச் செலவையும், நடுக்கடலிலிருந்து நோயாளியைக் கரைக்கு ஏற்றிச் செல்லும் செலவையும் தருமா என்று தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். கப்பல் மருத்துவரிடம் போனால் வரும் ரசீதே இன்னொரு காய்ச்சலைக் கொடுக்கும்.

கப்பல் ஏறும் நாளன்றே விமானத்தில் போய் இறங்குவது சூதாட்டம். சென்னையிலிருந்து போகிறவர்கள் வளைகுடா நகரம் ஒன்றிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ விமானம் மாற வேண்டியிருக்கும். அங்கே ஒரு இணைப்பு தவறினால் போதும். குறைந்தது ஒரு நாள் முன்பாவது போய்ச் சேர வேண்டும். பெட்டியில் எடுத்துப் போகக் கூடாதவை சில உண்டு. இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், ரைஸ் குக்கர் ஆகியவற்றைத் தீ அபாயம் கருதிக் கப்பலில் பறிமுதல் செய்து கடைசி நாளில்தான் தருவார்கள். இறைச்சி, பால் பொருட்களைத் தனிப்பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. பருப்புப் பொடி, ஊறுகாய் பாக்கெட்டுகளால் சிக்கல் வருவது அரிது. சைவ உணவு வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் சமையலறையில் தயாராக இருப்பார்கள். ஜைன உணவுகூடக் கேட்டால் கிடைக்கும் கப்பல்கள் உண்டு. கட்டுப்பாடாகச் சைவம் உண்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: இத்தாலியின் பர்மேசான் பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி சேர்கிறது.

ஏறியவுடன் ஆபத்துக் காலப் பயிற்சி நடக்கும். அதைத் தொல்லையாக நினைத்துக் கேபினில் பதுங்குகிறவர்கள் உண்டு. 2012 ஜனவரி 13 அன்று இரவு கோஸ்டா கான்கார்டியா கப்பல் ஜில்யோ தீவுக்கருகே பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை சிவிட்டாவெக்கியாவில் ஏறியிருந்தவர்களுக்குப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அன்றைக்கு விதி இருந்தது. 2015 முதல் அது மாறிவிட்டது. கப்பல் புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும்.

கரையில் ஊர் பார்க்க மூன்று வழிகள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா, வெளி நிறுவனத்திடமோ உள்ளூர் வழிகாட்டியிடமோ முன்பதிவு செய்வது, சொந்தமாக ரயிலோ பஸ்ஸோ பிடித்துப் போவது. கப்பல் நிறுவனத்தின் பஸ் விலை அதிகம். நாற்பது, ஐம்பது பேரோடு போக வேண்டும். நடுவில் ஒரு தோல்பொருள் கடையிலோ நகைக்கடையிலோ அரை மணி நேரம் வீணாகும். ஆனால் அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். மற்ற இரண்டு வழிகளில் போகிறவர்களுக்காகக் காத்திருக்காது. இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே எந்த ஊரில் எந்த வழி என்று முடிவு செய்யலாம்: துறைமுகத்திலிருந்து தூரம் கூடக் கூடக் கப்பல் பஸ்ஸின் மதிப்பும் கூடும், நடக்கும் தூரத்தில் ஊர் இருந்தால் அதற்குப் பணம் கொடுப்பது வீண்.

சிவிட்டாவெக்கியாவை எடுத்துக்கொண்டால் கணக்கு விளங்கும். காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குப் புறப்படும் கப்பல் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதாகத் தோன்றும். துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்து இறங்க அரை மணிக்கு மேல் ஆகும். துறைமுகத்துக்குள் நடக்க விடுவதில்லை. உள்பஸ் ஏறி வெளிவாசலுக்கு வந்து, அங்கிருந்து ரயில் நிலையம் போக வேண்டும். வட்டார ரயில் ரோம் சான் பியேத்ரோ நிலையத்துக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும்; டெர்மினி நிலையத்துக்கு அதைவிடக் கூடுதல். எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பு, அதாவது 6.30. அதற்கும் ஒன்றரை மணி முன்பாவது சிவிட்டாவெக்கியா திரும்பியிருப்பதுதான் பத்திரம். இவற்றையெல்லாம் கழித்தால் ரோமில் கிடைப்பது ஆறு மணி நேரம். கொலோசியம், வத்திக்கான் இரண்டையும் அதற்குள் திணிக்க நினைப்பது பேராசை. சான் பியேத்ரோவில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் பேராலயம். அதன்பின் ஆற்றைக் கடந்து நவோனா சதுக்கம், பாந்தியன், திரேவி நீரூற்று என்று நடந்தே போகலாம். நடையோடு நடையாகக் குடிதண்ணீரும் கிடைக்கும்: தெருவெல்லாம் நாசோனி என்ற வார்ப்பிரும்புக் குழாய்களில் குளிர்ந்த நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொலோசியம்தான் வேண்டும் என்பவர்கள் டெர்மினிக்குப் போய் அந்தப் பக்கமே நாளைக் கழிக்க வேண்டும். அதற்கான டிக்கெட் பெயர் அச்சிட்டு வருகிறது. சுமார் 30 நாட்களுக்கு முன் இணையத்தில் வெளியாகி விரைவில் தீர்ந்துவிடும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். இத்தாலிய ரயில்களில் வேலைநிறுத்தம் சாதாரணம், அதுவும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தம். வாரநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் மட்டும் அடிப்படைச் சேவை உறுதி என்பதால், அன்றைக்குப் பகலில் ரோமிலிருந்து திரும்புவது ஐயம்தான். அந்த நாளில் கப்பல் பஸ்ஸே கதி.

ரோமுக்கே போகாமல் சிவிட்டாவெக்கியாவிலேயே நாளைக் கழிப்பதும் மோசமான யோசனை அன்று. பேரரசர் டிராஜன் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த துறைமுகம் அது. 1831இல் பிரான்ஸ் தன் கான்சலாக அமர்த்திய நாவலாசிரியர் ஸ்தாந்தாலுக்கு மட்டும் அந்த ஊர் பிடிக்கவில்லை. சாக்குச் சொல்லிக்கொண்டு அடிக்கடி ரோமுக்கே ஓடிவிடுவார்.

லிவோர்னோவில் ஃபிளாரன்ஸுக்குச் சொந்தமாகப் போய்வர நினைத்தால், துறைமுக பஸ், ஊர் பஸ், ரயில் என்று ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓவியக்கூடம் ஒன்றுக்குள் நுழைந்து வெளிவருவதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும். ஃபிளாரன்ஸை வேறொரு பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, ரயிலில் கால் மணிக்குச் சற்று மேல் ஆகும் பீசாவுக்குப் போவதே அறிவுடைமை. சாய்ந்த கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல் படம் எடுத்துக்கொள்ளும் கடமை முடிந்தபின், அங்கிருந்து அரை மணி ரயிலில் லூக்கா என்ற சிறு நகரம் இருக்கிறது. அதன் கோட்டை மதில் சுமார் நான்கு கிலோமீட்டர் சுற்றளவுக்குச் சிதையாமல் நிற்கிறது. மதில்மேல் மர நிழலில் நடக்கலாம், வாடகைச் சைக்கிளில் சுற்றலாம். கூட்டமும் குறைவு.

நேப்பிள்ஸில் இந்தத் தொல்லை கிடையாது. கப்பல் நகரத்தின் நடுவிலேயே, கோட்டைக்கு எதிரில் நிற்கிறது. பாம்பேய்க்குச் சிர்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடத்தில் கொண்டு சேர்க்கும். நெரிசலும் பிக்பாக்கெட்டும் உள்ள ரயில் அது. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த பாம்பேய் 66 ஹெக்டேர் பரப்புள்ள நகரம், மரநிழல் அரிது, பாதையெல்லாம் பெரிய கருங்கற்கள். 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேர்தான் அனுமதி. முதியோரும் சிறு குழந்தைகளும் கூட வந்தால் அதே ரயிலில் பாதி வழியில் உள்ள ஹெர்குலேனியத்தில் இறங்கிவிடுவது மேல். சிறிய ஊர், மூன்று மணி நேரத்தில் முடியும். சூடான எரிமலைச் சாம்பல் மூடியதால் மாடி வீடுகளும் மரக்கதவும் உத்தரமும்கூட அங்கே மிஞ்சியிருக்கின்றன. காப்ரி தீவுக்குப் படகில் போவது அழகுதான், ஆனால் கடல் சீறினால் திரும்பும் படகு நிற்கும் என்பதால் கப்பல் பயணிக்கு உகந்ததில்லை.

சில இடங்களில் கப்பல் கரையையே தொடுவதில்லை. கடலில் நின்றபடி டெண்டர் என்ற சிறு படகுகளில் ஆட்களை அனுப்பும். காலையில் எண் சீட்டு வாங்கி முறைக்குக் காத்திருக்க வேண்டும். கப்பலின் சொந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களுக்கு முதலிடம். சக்கர நாற்காலியில் வருபவர்களை அலை இருந்தால் இறக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட துறைமுகங்களில் மிகச் சிக்கலானது சான்டோரினி. எரிமலை வெடித்து உள்வாங்கிய பெருங்குழியே அதன் துறைமுகம். டெண்டர் இறக்கிவிடும் பழைய துறைமுகத்திலிருந்து ஃபீரா ஊர் செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்கிறது. ஏற மூன்று வழி: கேபிள் கார், ஏறத்தாழ 590 படிகள், கழுதை. கழுதைமேல் ஏறுவதைத் தவிர்ப்பதே நல்லது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை ஏற்றக்கூடாது என்று 2018இல் கிரேக்க அரசு விதி போட வேண்டிய அளவுக்கு அவற்றின் பாடு மோசம். படியில் நடந்தாலும் அந்தக் கழுதைகளின் சாணத்தில் வழுக்கும். ஆக எல்லோரும் கேபிள் காருக்கே வரிசை கட்டுவார்கள். மாலையில் இறங்கும் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். கப்பல் சுற்றுலாவில் சேர்ந்தவர்களைப் பெரும்பாலும் அதினியோஸ் என்ற வேறு துறையில் இறக்கி பஸ்ஸிலேயே மேலே ஏற்றிவிடுகிறார்கள். இறங்கும்போது மட்டும் கேபிள் கார். சான்டோரினியில் கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்க இதுவே போதிய காரணம். 2025 முதல் நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள்தான் என்று தீவு வரம்பு வைத்திருக்கிறது. அதுவும் சிறிய கூட்டம் அன்று.

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு மெட்ரோ அரை மணிக்கும் குறைவு, சொந்தமாகவே போகலாம். அக்ரோபொலிஸுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் எடுத்துக்கொண்டு, அருங்காட்சியகத்தை ஒட்டிய தெற்கு வாசலில் நுழைந்தால் வரிசை குறைவு. குன்றேற முடியாதவர்களுக்கு மின்தூக்கி இருக்கிறது. குசடாசியிலிருந்து எஃபெசஸ் என்ற பண்டைய நகரம் இருபது கிலோமீட்டர். டாக்சியை மேல்வாசலில் நிறுத்தி இறங்கி, சரிவில் நடந்து கீழ்வாசலில் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். தலைகீழாகப் போனால் ஏற்றம் முழுவதும் வெயிலில். மால்டாவின் வலெட்டாவில் கப்பல் மதிலின் அடியிலேயே நிற்கும். 58 மீட்டர் உயர லிஃப்ட் ஒன்று நேரே நகரத்தில் கொண்டு விட்டுவிடும். அங்கே சுற்றுலா எதையும் வாங்கத் தேவையில்லை.

கிழக்கே போகும் பயணங்களில் கடிகாரம் ஒரு பொறி. கிரேக்க நேரம் இத்தாலிய நேரத்தைவிட ஒரு மணி முன்னால். கைப்பேசி தானாக மாறும், கைக்கடிகாரம் மாறாது, கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்பது முந்தைய இரவு கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும். அந்தத் தாளின் மறுபக்கத்தில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சாகியிருந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். கப்பலைத் தவறவிட்டவர் முதலில் தேட வேண்டிய ஆள் அந்த முகவர்தான். வராதவரின் கேபினில் பாஸ்போர்ட் இருந்தால் ஊழியர்கள் அதை எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அடுத்த துறைமுகம்வரை போகும் செலவு பயணியுடையது. கப்பலிலேயே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. அப்படியானால் நகலும் கப்பல் அட்டையும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். கைப்பேசியைக் கடலில் விமான நிலையில் வைக்காவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் வலையில் அது தானே இணைந்து, ஊர் திரும்பியபின் பில் வரும்.

கடைசி இரவு பெரிய பெட்டிகளை வண்ணச் சீட்டு கட்டிக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். காலையில் முனையத்தில்தான் அவை கிடைக்கும். மறுநாள் உடுத்த வேண்டியதையும் மருந்தையும் பாஸ்போர்ட்டையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு, இரவு உடையிலேயே கரையிறங்கும் ஆட்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பார்கள். சிவிட்டாவெக்கியாவில் இறங்குகிறவர்கள் ஃபியுமிசினோ விமான நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பல் ஏழு மணிக்கு வந்தாலும் இறங்குவது சீட்டின் வண்ண வரிசைப்படிதான் என்பதால், பிற்பகல் ஒரு மணிக்கு முந்தைய விமானம் எதையும் பதிவு செய்யக்கூடாது.